இடது கை

காக்ஸ் டவுன் பல் கிளினிக் நாற்காலியில் டிராபிக் கான்ஸ்டபிள் முனிரத்தினம் யூனிபார்மோடு மல்லாந்திருக்கிறார். ஒரு பக்கம் மடித்த தொப்பி வயிற்றின் மேல் ஏறி இறங்குகிறது. ஊசி போட்டுத் தாடை மரத்தாயிற்று, பயம்தான் மரக்கவில்லை. "வலிச்சா இடது கைய தூக்குங்க சார், உடனே நிறுத்திடறேன்" என்கிறார் டாக்டர் குளோரியா. மெஷின் பல்லைத் தொடுவதற்குள் கை எழும்பிவிடுகிறது, இருபது வருஷ சிக்னல் பழக்கத்தில், உள்ளங்கை விரிந்து, விறைப்பாக. மெஷின் நிற்கிறது. பஞ்சு எடுத்து வரும் நர்ஸ் பவுலினும் நடுவழியில் அப்படியே நிற்கிறாள். நான்காவது முறையும் கை எழும்பியதும் அவள் கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிறாள். "வெளிய ஒம்பது பேர் சேர்ந்துட்டாங்க சார்." முனிரத்தினத்தின் முகம் மாறுகிறது. எங்கே எது தேங்கினாலும் அவருக்குப் பொறுக்காது. கண்களை இறுக மூடிக்கொள்கிறார். இடது கை இறங்குகிறது. வலது கை உயர்ந்து, டாக்டருக்கு வழிவிடுகிறது.