பெரியப்பாவின் போன்

"இன்னா செல்லமுத்து, சாவு வூட்டுக்குப் போவலியா?"

தெருவில் போனவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். செல்லமுத்து இடத்தை விட்டு அசையவில்லை.

"பாகம் பிரிக்கறப்ப கெணத்த மொத்தமா எடுத்துக்கினவன். அவனுக்கு நான் மாலை போடணுமா?"

நாலு வீடு தள்ளி அண்ணன் பழனி ஐஸ் பெட்டியில் கிடந்தார். விடியற்காலையில் மாரடைப்பு. பறைச் சத்தம் இங்கே வரை கேட்டது.

மகள் தனுஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நானாவது பெரியப்பா மொகத்தப் பாத்துட்டு வந்துடறேம்பா."

"அந்த வாசப்படிய மிதிச்சா கால ஒடிச்சிடுவேன். இன்னிக்கு முடிச்சுக் குடுக்கலன்னா வேலையே போயிடும்னு நேத்து சொன்னியே. போயி அதப் பாரு."

கச்சிராயபாளையத்து வீட்டில் இருந்தபடியே சென்னைக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் போய் வேலை பார்ப்பவள் தனுஷா. லேப்டாப்பைத் திறந்தாள். பாஸ்வேர்டைப் போட்டாள். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா?"

"உள்ள வுடாது. வர்றது நான்தானான்னு போனுக்குக் கேள்வி வரும். அதுல 'ஆமா'ன்னு அமுக்குனாத்தான் தொறக்கும்."

"அமுக்கேன்."

"எந்தப் போன்ல? அவங்க வூட்டுக்குப் பேசுனேன்னு என் போன நீதான கல்லுல அடிச்சு ஒடைச்ச. சம்பளத்த வாங்கிக்கிற, வேற போன் வாங்கித் தந்தியா? வேலைக்குச் சேர்றப்ப பெரியப்பா போன் நம்பரத்தான் குடுத்தேன். தெனம் ஒம்பது மணிக்கு அவருதான் அமுக்குவாரு. அது முடிஞ்சுதான் கழனிக்கே போவாரு."

"இப்ப என் நம்பர மாத்திக் குடு."

"மாத்தணும்னாலும் அந்தப் போன்லதான் அமுக்கணும்."

செல்லமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தார்.

அவர் வருவதைப் பார்த்ததும் கூட்டம் விலகி வழிவிட்டது. பெண்களின் ஒப்பாரி உயர்ந்தது.

"இன்னா இருந்தாலும் கூடப் பொறந்தவன். மனசு கேக்குமா?" என்று ஒருவர் மூக்கைச் சிந்தினார்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணி சின்னப்பொண்ணுவின் காதோரம் குனிந்தார் செல்லமுத்து.

"அண்ணி, அண்ணனோட போனு எங்க இருக்குது?"

சின்னப்பொண்ணு மடியிலிருந்த போனைக் காட்டினாள்.

"நான் இல்லாத நாள்லயும் புள்ளைக்கு மறக்காம அமுக்கி வுட்டுடுன்னு சொல்லிக்கினே இருப்பாரு. இப்பத்தான் போனு கேட்டுச்சு. அமுக்கிட்டேன் தம்பி, இந்நேரம் புள்ள உள்ள போயிருக்கும். நீ வா, வந்து ஒங்க அண்ணன் மொகத்தப் பாரு."

"அப்ப சரி," என்ற செல்லமுத்து, பெட்டிப் பக்கம் திரும்பாமலே வாசலுக்கு வந்து தன் செருப்பைத் தேடினார்.