ஊன்றிய கை

ஹாகன் புல்தரையில் மண்டியிட்டுக் குனிந்துகிடந்தார். தூரத்திலிருந்து பார்த்தவர்கள், மனுஷன் பிரார்த்தனை செய்கிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவர் மூக்குக்கு நேரே, ப்ரோடி தரையில் ஊன்றியிருந்த வலது கை.

நெப்ராஸ்காவின் மார்ச் மாதக் காற்று காதைப் பிய்த்துக்கொண்டு போனது. முந்நூற்றுப் பத்து பவுண்டு எடையுள்ள ப்ரோடி, அரைக்கால் சட்டையோடு, பாயத் தயாராய்க் குந்தியிருந்தான். கல்லூரிப் பையன்களில் யாரைப் பெரிய அமெரிக்க ஃபுட்பால் அணிகளுக்கு எடுக்கலாம் என்று ஆள் பார்க்கிற நாள் அது. ஹாகன் அப்படி ஓர் அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறவர்.

அவன் கார்டு. பந்து வைத்திருப்பவனுக்கு முன்னால் நின்று, மோதி வழி உண்டாக்குகிற வேலை. பந்தைத் தொடக்கூட மாட்டான், பேப்பரில் பேரும் வராது, அடி மட்டும் தவறாமல் விழும்.

"பந்த தூக்கிட்டு ஓடற ஆட்டம்னு வச்சுக்க," என்றார் ஹாகன். ப்ரோடி கையை ஊன்றினான். "எழுந்திரு. இப்ப பந்த எறியற ஆட்டம்." மறுபடியும் ஊன்றினான்.

இரண்டு தடவையும் ஹாகன் அவன் விரல்களையே பார்த்தார். முதல் தடவை பையனின் நகமெல்லாம் வெளுத்திருந்ததைப் பக்கத்தில் நின்ற லைலும் கவனித்தார். பாவம், குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

லைல், ஹாகனுக்குக் கீழே வேலை பார்ப்பவர். ப்ரோடியைக் கண்டுபிடித்ததே அவர்தான். மூன்று வருஷமாக அவன் பேரைச் சொல்லிச் சொல்லி ஆபீசில் திட்டு வாங்கியிருக்கிறார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் அவன் அம்மா, காரமான மாட்டுக்கறிக் குழம்பும் பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் பரிமாறிவிட்டு, ஒருநாள் லைலின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் பையன்கிட்ட குறை இருந்தா மூடி மறைக்காம அவன்கிட்டயே சொல்லிடுங்க சார்." லைல் சத்தியமே பண்ணியிருந்தார்.

ஹாகன் முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். "முப்பது வருஷத்துல இப்படி ஒரு கார்ட பாத்ததில்லைய்யா! இவன எவனுக்கும் விட்டுத்தர மாட்டோம்!" என்று மைதானமே கேட்கும்படி கத்தினார்.

பத்தடி தள்ளி நின்ற பச்சைத் தொப்பிக்காரன் சட்டென்று நோட்டை எடுத்துக் கிறுக்கினான். ஹாகன் அணியின் ஜென்ம விரோதி அணி இருக்கிறதே, அதன் ஆள். வருஷத்துக்கு இரண்டு தடவை அவர்களோடு மோதியே ஆக வேண்டும்.

லைலால் தன் காதையே நம்ப முடியவில்லை. இந்த வாயிலிருந்தா நல்ல வார்த்தை! போன வாரம்தான் ஒரு பையனை, "கையா இது? கோழிக்கால்!" என்று கேட்டு அழவிட்டிருந்தார் மனுஷன்.

"சார், நான் எதத் திருத்திக்கணும்?" ப்ரோடி தவிப்போடு கேட்டான். "அணிங்க முறைவச்சு ஆள் எடுக்கற நாளுக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு சார். எதுவா இருந்தாலும் ராப்பகலா உழைச்சு சரிபண்ணிடுவேன்."

"ஒண்ணும் மாத்தாத, தம்பி. கை ஊன்றது இப்படியே இருக்கட்டும்." ஹாகன் அவன் கன்னத்தைத் தட்டினார். பையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

காரில் ஏறியதுமே லைல் ஆரம்பித்தார். "அப்ப ரெண்டாவது ரவுண்டுலயே எடுத்துடலாமா சார்?"

"யார, இவனயா? போன வாரம் வீடியோ பாத்தப்பவே லிஸ்ட்லேர்ந்து அடிச்சுட்டேன். நேர்ல ஒரு தடவ பாத்து உறுதி பண்ணிக்கத்தான் வந்தேன்."

"எத சார்?"

"அவன் நகத்தய்யா! ஓடற ஆட்டம்னா முழு பாரத்தையும் கையில போடறான், நகம் வெளுத்துடுது. எறியற ஆட்டம்னா சும்மா தொட்டுக்கிட்டு நிக்கறான், நகம் செக்கச்செவேல்னு இருக்கு. அடுத்து என்ன வரப்போகுதுன்னு எதிராளிக்குத் தந்தியே அடிச்சுடறான்." ஹாகன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "பச்சத் தொப்பி இப்ப நமக்கு முந்திக்கிட்டு அவனத் தூக்கிடும் பாரு. அப்புறம் நம்ம பசங்க அவன் விரலப் பாத்து ஆடினாப் போதும்."

லைல் அவர் பக்கம் திரும்பினார். "ஒரு வார்த்த சொன்னா ஒரே வாரத்துல சரிபண்ணிக்குவானே சார். இல்லன்னா இவனாலதான் தோத்தோம்னு வருஷம் திரும்பறதுக்குள்ள துரத்திவிட்டுடுவாங்க. பையன் கத அதோட முடிஞ்சுது."

"முடியட்டும். உனக்கு மனசு கேக்கலன்னா போய்ச் சொல்லேன். மே மாசத்தோட உன் ஒப்பந்தம் முடியுதில்ல? அறுபது வயசுல அந்த ஓட்ட முட்டிய வச்சுக்கிட்டு எங்க போய் நிக்கறேன்னு நானும் பாக்கறேன்."

லைல் வாயைத் திறக்குமுன் கண்ணாடியைத் தட்டும் சத்தம். ப்ரோடிதான். ஒரு கையில் அம்மா கொடுத்தனுப்பிய இனிப்பு ரொட்டி டப்பா. இன்னொரு கையைக் கார்க் கதவில் ஊன்றிக்கொண்டு, ஓடி வந்த மூச்சிரைப்போடு நின்றான். லைல் கண்ணாடியை இறக்கினார்.

"அவரு பெரியவரு சார். என் மனசு நோகக்கூடாதுன்னுகூட அப்படிச் சொல்லியிருக்கலாம். நீங்க அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கீங்க. உள்ளத உள்ளபடி சொல்லுங்க சார், என்கிட்ட என்ன குறை?"

கதவில் அழுந்தியிருந்த விரல்களை லைல் பார்த்தார். நகமெல்லாம் வெள்ளைவெளேரென்று இருந்தது. பக்கத்தில் ஹாகன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

லைல் டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் மாத்தாத, தம்பி."