விடுதிக்குப் போன கேபிள்

கடப்பாரை இறங்கிய இடத்தில் கேபிள் இரண்டு துண்டாகக் கிடந்தது.

"யோவ், கண்ணு பிடரியிலயா இருக்கு? பல்கலைக்கழக விடுதி முழுக்க நெட் போச்சு. ஆன்லைன் பரீட்சை பாதியில நிக்குது!" என்று மேஸ்திரி குதித்தார்.

"கை தவறிருச்சு மேஸ்திரி. பாதி எழுதின பிள்ளைங்க எல்லாம் பெயிலா?" என்று கேட்டார் குழி வெட்டுபவர்.

"பெயிலா? பெரிய இடத்துப் பிள்ளைங்கய்யா! எல்லாருக்குமே மறுபடி பரீட்சைன்னு உடனே அறிவிச்சுட்டாங்க. நீ நாளையிலருந்து வேலைக்கு வராதே!"

குழி வெட்டுபவர் ஓரமாகப் போய் மகளுக்குப் போன் போட்டார்.

"அம்மாடி, அரைமணி முன்னாடி வீட்டுல பரீட்சை நடுவுல உன் போன் சிக்னல் போனப்ப, 'நாங்க பொறுப்பில்ல'ன்னு பல்கலைக்கழகத்துல கையை விரிச்சாங்கல்ல? இப்ப பொறுப்பு வந்துருச்சு. அதே பரீட்சையை எல்லாருக்கும் மறுபடி வைக்கிறாங்க."

"எப்படிப்பா?"

"இருபது வருஷமா குழி வெட்டுறேன். எந்தக் கேபிள் எங்க ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா?"