எட்டு கிலோ

"நாலு எட்டு வெரசா நடந்தா தானா கரையுது. அதுக்காக வயித்தைக் காயப் போடணுமா?" என்றபடி விஜி கேரியரில் இருந்த சோற்றின் மேல் இன்னொரு கரண்டி நெய்யை ஊற்றினாள்.

லிங்கராஜ் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். "டாக்டரம்மா தெளிவாச் சொன்னாவல்லா? நடை கால் பங்கு, வாய் முக்கால் பங்கு."

"அவிய புத்தகத்துல படிச்சதைச் சொல்லுதாவ. எங்க புதூருக்கு வந்து பாக்கச் சொல்லுங்க. ஆடு மேய்க்கிற ஒவ்வொருத்தனும் கும்பா நிறையச் சோறு திங்கான். ஒருத்தனுக்காவது தொந்தி இருக்கா? ஏன்னா நடக்கான்."

"அவன் திங்கது கம்மஞ்சோறு. நெய்ச்சோறும் சுக்காவும் இல்ல."

"கிடைச்சா விட்டிருவானாக்கும்?"

லிங்கராஜ் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். வயது நாற்பத்தி நாலு. மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தது இதுதான்: அவர் எட்டு கிலோ குறைய வேண்டும், ஈரலில் படிந்த கொழுப்பு போக வேண்டும். கார்த்திகைக்குள் இது நடந்தால் ஆபரேஷன். நடக்காவிட்டால் ஆபரேஷன் கிடையாது. ஆபரேஷன் இல்லையென்றால் அடுத்த தீபாவளியைப் பார்ப்பது சந்தேகம்.

இத்தனையும் விஜியின் முன்னால்தான் சொன்னார்கள். அவளும் தலையாட்டிக் கேட்டாள். ஊருக்கு வந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே இரண்டு கிலோ நெய் வாங்கினாள்.

அன்றிலிருந்து காலையில் உளுந்தங்களி, நடுவில் குளம் கட்டிய நல்லெண்ணெயோடு. மதியம் சுக்காவோ பொரிச்ச கோழியோ. சாயங்காலம் சேவு. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் இப்படிச் சமைத்ததே இல்லை.

"நீ சாப்பிடலயா?" என்று கேட்டார் லிங்கராஜ்.

"எனக்கு இறங்கல. களியும் கேரியர்லதான் இருக்கு. மிச்சம் வைக்காதீங்க."

அவர் கேரியரைத் தூக்கிக்கொண்டு எட்டயபுரம் ரோட்டில் நடந்தார். ராத்திரி மழை பெய்திருந்தது. ஓரத்தில் இறங்கி நடந்ததில் கரிசல் மண் ஷூவில் அப்பிக்கொண்டு, குறைந்த எடையில் பாதி காலிலேயே திரும்பி வந்தது.

ஆபீஸ் கேட்டில் வாட்ச்மேன் வெயிலுமுத்து எழுந்து நின்றான். முன்பெல்லாம் சட்டென்று எழுந்துவிடுவான். இப்போது கொஞ்சம் நேரம் ஆனது.

"இன்னைக்கு என்ன அண்ணாச்சி?"

"பிரிச்சுப் பாரு."

லிங்கராஜ் கேரியரை அவனிடம் கொடுத்துவிட்டு, அவன் வீட்டுத் தூக்குவாளியை வாங்கிக்கொண்டார். கம்மங்கூழ். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம். இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

"பேண்ட் பொத்தான் ரெண்டு தெறிச்சிட்டு அண்ணாச்சி. என் பொண்டாட்டி என்னை ஏற இறங்கப் பாக்கா. கூழு குடிச்சா இப்படி ஊதுவானான்னு கேக்கா. மதினிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரலாம்லா?"

"சொன்னா வேற வழி பாப்பா."

"என்ன வழி?"

"தெரியல. அதான் பயமா இருக்கு. நீ சாப்பிடு."

"அப்ப நானும் உங்க கூட நடக்கட்டா?"

"நீ காவக்காரன்லே. கேட்டை விட்டு நகரப்பிடாது."

வெயிலுமுத்து பெருமூச்சு விட்டுவிட்டு எலும்பைக் கடித்தான்.

ராத்திரி விஜி கேட்டாள். "சுக்கா எப்படி இருந்துச்சு?"

"உப்பு ஒரு கல்லு தூக்கல்," என்றார் லிங்கராஜ், வெயிலுமுத்து சொன்னபடியே. "வயிறு இன்னும் திம்முன்னு இருக்கு. இப்ப ரெண்டு இட்லி போதும்."

அவள் இட்லியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "ஆபரேஷன் இல்லாமலே எத்தனையோ பேரு இருக்காவ. மாத்திரையிலயே ஓட்டிரலாங்க."

"முடியாதுன்னு சொல்லிட்டாவ விஜி."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு. செய்யாம விட்டா என்னாகும்னு நெனச்சா, அதைவிடப் பயமா இருக்கு."

விஜி எழுந்து போய் இட்லிப் பொடியில் நெய்யை ஊற்றிக்கொண்டு வந்தாள்.

ஐப்பசி முடிவதற்குள் அவருடைய சட்டைகள் தொளதொளத்தன. விஜி அதைக் கவனித்தாள். மறுநாள் மூன்றடுக்கு கேரியர் நாலடுக்கு ஆனது.

கார்த்திகை பிறந்ததும் இருவரும் மதுரைக்குப் போனார்கள். ஆஸ்பத்திரியில் லிங்கராஜ் எடை மிஷினில் ஏறி நின்றபோது விஜி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது கிலோ குறைஞ்சிருக்கீங்க!" என்றார் டாக்டரம்மா. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "ஈரலும் சுத்தமா இருக்கு. எப்படிங்க? நடையா, சாப்பாடா?"

"நடை மட்டுந்தான் நான். சாப்பாடு முழுக்க இவ பொறுப்பு," என்றார் லிங்கராஜ் முகம் மாறாமல்.

டாக்டரம்மா விஜியின் தோளைத் தட்டிக்கொடுத்தார். "உங்களைத்தாம்மா பாராட்டணும்."

விஜி எடை மிஷினையே பார்த்தாள்.

"அப்புறம் என்ன? திங்கட்கிழமை ரெண்டு பேரும் வந்து அட்மிட் ஆயிடுங்க. இவரோட ஈரல்ல பாதியை எடுத்து உங்களுக்கு வச்சிரலாம்."

விஜி புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுதாள். "எனக்காக உங்க மேல கத்தி படக்கூடாதுன்னுதானங்க அம்புட்டு நெய்யையும் ஊத்துனேன்!"