அணைத்து வைத்த பாதி

"இன்னிக்கு என்னைத் தோக்கடிச்சிட்டா, சாயந்தரம் வீட்டுல காபி யாரு போடுறதாம்?" என்று கேட்டபடி அவன் நாற்காலியிலிருந்து எழுந்தாள் மனைவி.

கீழே டீ குடித்துவிட்டு வந்தவன் சிரித்து வைத்தான்.

இருவருக்கும் ஒரே அலுவலகம். சர்வர்களை இயக்கும் பழைய சிஸ்டம் அவன் குழுவுடையது, புதியது அவள் குழுவுடையது. எது வேகமானது என்று பார்க்கும் இன்றைய போட்டிக்கு ஒரே மாதிரி இரண்டு சர்வர்கள். ஒவ்வொன்றிலும் அறுபத்து நான்கு கோர்கள், அதாவது தனித்தனியே வேலை செய்யும் அறுபத்து நான்கு மூளைகள். அவரவர் சர்வரை அவரவர் இஷ்டப்படி அமைத்துக்கொள்ளலாம். ஒத்திகைகளில் இரண்டும் சமமாகவே ஓடின. ஜெயிக்கும் குழு இங்கேயே இருக்கும். தோற்கும் குழு வெளியூர்க் கிளைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வீட்டில் அவனுடைய அப்பா படுத்த படுக்கை. மகன் ஊட்டினால்தான் வாயைத் திறப்பார். மகள் குட்டியோ அம்மாவின் காதைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். போவதானால் தானே போவது என்று அவன் முடிவு கட்டிவிட்டான். இதைச் சொன்னால் அவள் சண்டைக்கு வருவாள் என்பதால் வாயே திறக்கவில்லை.

காலையில் முதல் ஆளாக வந்து, தன் சர்வரில் பாதி கோர்களை அணைத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போயிருந்தான். பாதி ஆளை வைத்துக்கொண்டு யார் ஜெயித்திருக்கிறார்கள்?

சோதனை தொடங்கியது. மேலாளர் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பழசுதான் ஜெயிச்சிருக்கு. புதுசு கிட்டக்கூட வரல" என்றார்.

அவன் குழுவினர் அவனைத் தூக்காத குறை. அவனுக்கோ கால் தரையில் பாவவில்லை, பயத்தில்.

மாடிப்படியில் அவளைத் தனியே பிடித்தான்.

"தோக்கணும்னுதான் பாதி கோரை அணைச்சேன். எப்படி ஜெயிச்சேன்னே புரியல. நீ போயிட்டா குட்டி எப்படித் தூங்குவா?"

அவள் அவனையே பார்த்தாள். கண் நிறைந்தும் சிரிப்பு வந்தது.

"உங்க சிஸ்டத்தை நானும் ஓட்டிப் பாத்திருக்கேன். ஒரே பாத்ரூம் இருக்கிற வீட்டுல அறுபத்து நாலு பேரு மாதிரி, அந்தக் கோரெல்லாம் ஒண்ணுக்காக ஒண்ணு காத்துக் கிடக்கும். பாதிப் பேரை வெளிய அனுப்பினா மத்தவங்க சட்டுனு குளிச்சிட்டு வேலையப் பாப்பாங்க."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா என்னைத் தோக்க விட்டிருப்பீங்களா? குட்டிய நான் கூட்டிட்டுப் போயிடலாம். மாமாவை உங்களால எங்க கூட்டிட்டுப் போக முடியும்?"

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதான் நீங்க டீ குடிக்கப் போன நேரம் பாத்து, உங்க சர்வர்ல பாதியை அணைக்க வந்து உக்காந்தேன். ஏற்கெனவே அணைஞ்சிருந்துச்சு. நீங்களே ஜெயிக்க ஆசைப்பட்டுட்டீங்கன்னு நெனச்சு நிம்மதியா எழுந்துட்டேன்."