பிஸ்கட்டவே வக்கீல்

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா, எனக்கே தெரியும். பார் எக்ஸாம் விஷயமாத்தானே வந்திருக்கே?" என்று கதவைத் திறந்ததும் திறக்காததுமாக ஆரம்பித்துவிட்டார் ஜம்புநாதன்.

வாசலில் நின்ற கயலுக்கு முப்பது வயதுகூட இருக்காது. லா விஷயமாக நேரில் பேச வேண்டும் என்று முதல் நாள் போன் செய்திருந்தாள். எதற்கு வந்தேன் என்றால் என்று அவள் தொடங்கியபோதே, சொந்த ஊர் எது, அப்பா என்ன பண்றார், கிரீன் கார்டா சிட்டிசனா என்று மூச்சு விடாமல் கேட்டு அவளை சோபாவில் உட்கார வைத்தார்.

ஜம்புநாதன் திருச்சி கோர்ட்டில் கறுப்புக் கோட்டு போட்டவர். மனைவி அனந்தலக்ஷ்மிக்கு நியூ ஜெர்சி மருந்துக் கம்பெனியில் வேலை கிடைக்க, கோட்டை சூட்கேஸில் மடித்து வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்து சேர்ந்தார். நியூ ஜெர்சியில் இந்திய டிகிரி செல்லாது என்பதால், பக்கத்து நியூயார்க்கில் வக்கீல் லைசென்சுக்கான பார் எக்ஸாமை மூன்று முறை எழுதினார். மூன்று முறையும் எக்ஸாம்தான் சரியில்லை! ஆனாலும் குடியிருந்த பிஸ்கட்டவே ஊர்த் தமிழர்களுக்கு அவர்தான் 'வக்கீல் சார்'. மனிதர் தலை நிமிர்ந்து நடமாடியதே அந்தப் பேரால்தான். நாளைக்கே லைசென்சோடு ஒரு தமிழ்ப் பெண் போர்டு மாட்டிவிட்டால் அப்புறம் தன்னை எவன் சீந்துவான்? இதை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும் என்று முடிவு கட்டினார்.

வருகிற ஜூலையிலிருந்து பரீட்சையையே மாற்றுகிறான் தெரியுமோ என்று பயமுறுத்தினார். சட்டம் தெரிந்தால் மட்டும் போதாதாம். ஒரு ஃபைலைக் கையில் கொடுத்து, நிஜக் கட்சிக்காரர் வந்ததாக நினைத்து வேலையைச் செய்து காட்டச் சொல்வானாம். நேற்றுப் படித்த பெண்களால் ஆகிற காரியமா? பேசாமல் கம்ப்யூட்டர் கற்றுக்கொள் என்றார். அந்த வருஷம் கம்ப்யூட்டர்காரர்களைக் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அது வேறு விஷயம்.

"அங்கிள், ஆக்சுவலி நான்..."

"இரும்மா, முடிச்சுடறேன்."

காபி கொண்டுவந்த அனந்தலக்ஷ்மி, அந்தப் பெண் என்னவோ சொல்ல வருகிறது, வாயைத் திறக்க விடுங்களேன் என்றாள். லா பற்றி உனக்கென்ன தெரியும் என்று அவளையும் அடக்கினார்.

கயல் ஒரு பெருமூச்சு விட்டாள். "அப்ப அந்த மாதிரி நிஜக் கட்சிக்காரங்க வேலையெல்லாம் உங்களுக்குப் பழக்கமா, அங்கிள்?"

"எனக்கா? இந்த ஹால்ல உக்காந்து நான் பாக்காத கேஸா?"

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. யார் யாருக்கு உயில் எழுதினார், யார் வீடு வாங்கியபோது பத்திரம் பார்த்தார், யார் யாருக்கு விசா மனு தயாரித்தார் என்று பேர் பேராக எடுத்துவிட்டார். ஃபீஸ் என்று கேட்பதில்லையாம். வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தால், வருகிற லக்ஷ்மியை வேண்டாம் என்று சொல்வதும் இல்லையாம்.

"ஆறு மாசம் முன்னாடி சபரிநாதன்னு ஒரு பையன். வேலை போச்சு, விசா போயிடும்னு அழுதான். ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்னேன்."

"அப்ளிகேஷன் நீங்களேவா எழுதினீங்க?"

"பின்னே? கையெழுத்து மட்டும்தான் அவன்து. இமிக்ரேஷன்காரன் ரிஜெக்ட் பண்ணிட்டான். இப்ப பொண்டாட்டி பிள்ளையோட மூட்டை கட்டறான், பாவம். அது அவன் ஜாதகம், நாம என்ன பண்ண முடியும்?"

சொல்லிவிட்டுக் காபியை ஒரு வாய் உறிஞ்சினார். அந்த இடைவெளியில்தான் கயலுக்குப் பேச வழி கிடைத்தது.

"நான் எக்ஸாம் பாஸ் பண்ணி நாலு வருஷமாச்சு, அங்கிள். லைசென்ஸ் இல்லாம வக்கீல் வேலை பாக்கறவங்களை விசாரிக்கற கோர்ட் கமிட்டிலேருந்து வந்திருக்கேன். சபரிநாதன் கம்ப்ளெய்ன்ட் கொடுத்திருக்கார்."

ஜம்புநாதனுக்குக் காபி புரையேறியது.

"நான் கேக்க வந்ததுக்கெல்லாம் நீங்களே பதில் சொல்லிட்டீங்க. அடுத்த வாரம் கமிட்டி கூப்பிடும்போது, கூட ஒரு வக்கீலைக் கூட்டிட்டு வாங்க அங்கிள்... லைசென்ஸ் உள்ளவரா."