தேடினால் முதலில் வரும் ஆண்டி

ரங்கநாயகிக்கு இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. காதில் ஹெட்செட், மறுமுனையில் கணவன் மாதவன்.

“காலையிலேர்ந்து கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருந்தா வலிக்கத்தான் செய்யும். கொஞ்சம் எழுந்து நடயேன்.”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “வேலை தலைக்கு மேல கிடக்குங்க. வீடு மாத்தித் தர்ற ஆண்டி அண்ணனை, நெட்ல தேடினா முதல்ல வர்ற மாதிரி பண்ணினேன்ல? இன்னிக்கு மட்டும் ஆறு வீடு! ஆனா ஒரு ஆளு கோவிச்சுக்கிட்டு ஒத்தை ஸ்டார் போட்டாலும் முதல் இடம் போயிடும்.”

“உனக்கென்னம்மா, விரல் நோகாத வேலை. மூட்டை தூக்குறவன் பாட்டை நெனச்சுப் பாரு.”

“மேடம், பேச்ச நிறுத்துங்க! பீரோ உங்க பக்கம் சாயுது!” என்று கீழ்ப்படியிலிருந்து ஆண்டி கத்தினார்.

புத்தூரில் அந்த வீடு மூன்றாவது மாடி. பீரோவின் மேல்முனையைப் பிடித்தபடி ரங்கநாயகி பின்பக்கமாகப் படியேறிக்கொண்டிருந்தாள். ஆண்டியிடம் ஒரு குட்டியானை வண்டி உண்டு. கூலிக்கு ஆள் கிடையாது. ‘பயிற்சி பெற்ற இருபது பேர்’ என்று விளம்பரத்தில் அளந்துவிட்டது இவள்தான். “எழுதின கையே தூக்கட்டும்” என்று காலையில் ஆபீசுக்கே வந்து அழைத்துப் போய்விட்டார்.

மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தார்கள். வாசலில் வீட்டுக்கார அம்மா சுராயா போனும் கையுமாக நின்றார்.

“அஞ்சு ஸ்டார் போடத்தான் நிக்கிறேன். ரெண்டு பேர் வந்தாச்சு. இன்னும் பதினெட்டு பேர் பாக்கி.”